கண்டெடுத்த முகம் யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் ஒரு நாட் காலை, பூசை முடிந்து நான் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தபோது ஒரு வாலிபர் வாசலிற் காத்து நின்றார். பழைய பொருட்கள் விற்குமிடத்தில் ஒரு பழங் கமராவைக் கண்டு, அலுமாரியில் அழகுக்கு வைக்கலாமென்று வாங்கினாராம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறக்கப் போனவர், உள்ளே பிலிம் இருப்பதை உணர்ந்து கையை நிறுத்திக்கொண்டார். புத்தியுள்ள பிள்ளை. திறந்திருந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் ஒரு கணத்தில் அழிந்திருக்கும். பிலிம் கழுவுகிறவர்கள் இப்போது அருகிவிட்டபடியால் கொழும்புக்கு அனுப்பிக் கழுவுவித்திருக்கிறார். பல படங்கள் கறுத்துப்போயின. சில தேறின. தேறியவற்றை ஓர் உறையிலிட்டு என் மேசையில் வைத்து, "பாதர், இதுகளைப் பேப்பரிலை போடுங்கோ. ஆராவது அடையாளம் காட்டுவினம்" என்றார்.

அப்படங்கள் எத்தனை என்பதையோ, அவற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையோ இவ்விடத்தில் எழுதமாட்டேன். காரணம் பின்னர் விளங்கும்.

உள்ளதைச் சொன்னால், முதலிற் போட்டுவிடலாமென்றுதான் எனக்கும் தோன்றியது. எந்தப் பத்திரிகையாசிரியனுக்குத்தான் இப்படியொரு விஷயம் இனிக்காது? பல வருடங்களாக ஒரு பெட்டிக்குள் இருட்டிற் கிடந்த முகங்கள் எங்கள் பத்திரிகையில் வெளிச்சத்துக்கு வருகின்றன என்றால், வாசகர்கள் இரண்டு பிரதி வாங்குவார்கள். ஆனால் உறையைத் திரும்பவும் திறந்து பார்த்தபோது கை தயங்கியது. இந்த முகங்கள் யாருடையவை? கமராவை வாங்கிய தம்பியுடையவையா? என்னுடையவையா? வாசகர்களுடையவையா?

கமரா என்பது ஒரு விசித்திரமான கருவி. பிடித்தவருக்கே தெரியாததை அது பிடித்து வைத்திருக்கும். கத்தோலிக்கர்கள் யாவரும் அறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 1898ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி இரவு, இத்தாலியின் தூரின் பேராலயத்தில் செக்கொண்டோ பியா என்னும் வழக்கறிஞர் திருச்சீலையைப் படமெடுத்தார். படம் பிடிப்பது அவருக்குத் தொழிலன்று, பொழுதுபோக்கு. இருட்டறையிற் கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, சீலையில் மங்கலான கறைகளாய்த் தெரிந்தவை நெகற்றிவ்விலே ஒரு மனிதனின் தெளிந்த திருமுகமாய் எழுந்தன. தகடு அவர் கையிலிருந்து நழுவப் பார்த்ததாம். அவர் பித்தலாட்டம் செய்தாரென்று பலர் தூற்றினார்கள். 1931இல் வேறொருவர் எடுத்த படங்களும் அதையே காட்டிய பின்னரே அந்தப் பழி நீங்கிற்று. அச்சீலை எக்காலத்தது என்பது வேறு விஷயம். 1988இல் நடந்த கரிமப் பரிசோதனை அதனை 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியதென்றது. 1998இல் தூரினுக்குச் சென்ற பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் அந்த ஆராய்ச்சியை விஞ்ஞானிகளிடமே விட்டார். நான் இங்கு சொல்ல வந்தது பியாவின் கைநடுக்கத்தைப் பற்றி. எதிர்பாராத ஒரு முகத்தின் முன் நின்ற மனிதனின் நடுக்கம் அது. எங்களுக்கு இப்போது அந்த நடுக்கம் வருவதில்லை. முகங்கள் மலிந்துவிட்டன.

படம் கழுவப்படும்வரை பிலிமில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பின் மணிகளிலே ஏற்பட்ட சின்னஞ்சிறு மாற்றம் மருந்துநீருக்காகக் காத்துக் கிடக்கும். எவ்வளவு காலம் காத்திருக்கும்? 1897ஆம் ஆண்டு சுவீடன் நாட்டவர் மூவர் பலூனில் ஏறி வடதுருவத்துக்குப் புறப்பட்டு மறைந்துபோனார்கள். 33 வருடங்களின் பின், 1930இல், பனி மூடிய தீவொன்றில் அவர்களின் உடல்களும் பிலிம்களும் அகப்பட்டன. ஸ்டொக்ஹோமில் அவற்றைக் கழுவியபோது 93 படங்கள் தேறின. பனியில் விழுந்து கிடக்கும் பலூனும், அதன் பக்கத்திற் செய்வதறியாது நிற்கும் இருவரும் அவற்றில் ஒன்று. அந்தப் படங்களைப் பிடித்தவரே மூவரிலும் இளையவர். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் நெடுங்காலம் காத்திருந்து, பின் வேறொருவரை மணந்து வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த நிலையிலேதான் செய்தி வந்தது. உலகம் அதை வியப்பான கண்டுபிடிப்பென்று கொண்டாடியது. அந்த அம்மாளின் வீட்டில் அது என்னவாக வந்து இறங்கியிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

குருமடத்திலே ஒழுக்கவியல் படித்தவர்களுக்கு, கண்டெடுத்த பொருளைப் பற்றிய பாடம் ஞாபகமிருக்கும். உபாகமத்தின் 22ஆம் அதிகாரம் வழிதப்பிய மாட்டையும் ஆட்டையும் சகோதரனின் வஸ்திரத்தையும் கண்டவன் காணாதவன்போலப் போகக் கூடாதென்கிறது. உடையவன் தூரத்திலிருந்தால் அவன் தேடிவரும்வரை வீட்டில் வைத்திருந்து கொடுக்கவேண்டும். புனித தோமஸ் அக்குவீனார் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார். கடற்கரையிற் கிடக்கும் முத்து ஒருவருக்கும் உரியதாயிருந்ததில்லை, ஆகவே எடுத்தவனுக்குரியது. உடையவன் வேண்டாமென்று கைவிட்டதை எடுப்பதும் களவாகாது. ஆனால் தொலைந்துபோன பொருளைத் தனதாக்கும் எண்ணத்தோடு எடுப்பவன் களவு செய்கிறான்.

இந்தப் பாகுபாட்டை வைத்துக்கொண்டு, இக்காலத்தில் அதிகம் பேசப்பட்ட ஒரு விஷயத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் விவியன் மையர் என்றொரு பெண்மணி இருந்தார். நாற்பது வருடமளவில் பிறர் வீடுகளிற் பிள்ளை பராமரித்து வாழ்ந்தவர். மணமாகாதவர். ஓய்ந்த நேரமெல்லாம் கழுத்திற் கமராவுடன் தெருத்தெருவாய்த் திரிந்து படமெடுத்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெகற்றிவ்கள். கழுவாமலே விட்ட பிலிம் றோல்களும் ஏராளம். ஒருவருக்கும் காட்டவில்லை. வேலைக்குச் சேரும் வீட்டில் தன் அறைக்குப் பூட்டு வேண்டுமென்று கேட்டுவாங்குவாராம். முதுமையில், பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த வாடகை அறைகளுக்குப் பணங் கட்ட இயலவில்லை. 2007இல் அறையிலிருந்தவை ஏலத்தில் விடப்பட்டன. ஊர்ச் சரித்திரப் புத்தகமொன்றுக்குப் பழம்படம் தேடித்திரிந்த ஓர் இளைஞர் சில நூறு டொலருக்கு ஒரு பெட்டி வாங்கினார். 2009 ஏப்ரில் மாதம் அந்தப் பெண்மணி காலமானார். அந்த இளைஞர் அவர் பெயரைத் தேடியறிந்தபோது கிடைத்தது மரண அறிவித்தல்தான். அதன்பின் கண்காட்சிகள், புத்தகங்கள், 2013இல் ஒரு விவரணப் படம், உரிமை யாருக்கென்று வழக்கு, எல்லாம் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் சிறந்த படப்பிடிப்பாளர்களுள் ஒருவரென்று இன்று புகழப்படுகிறார்.

ஏலத்தில் வாங்கியதால் பெட்டி வாங்கியவருக்குரியது. சட்டம் அவ்வளவிலே திருப்தியடையலாம். ஆனால் வாடகை கட்ட வழியில்லாதவர் பொருளைக் கைவிட்டவராவாரா? நான் அப்படி நினைக்கவில்லை. கைவிட நினைத்திருந்தால் வருடக் கணக்காய் வாடகை கட்டியிருக்க மாட்டார். குப்பையில் எறிய ஒரு மாலைப்பொழுது போதும். அவர் எறியவுமில்லை, காட்டவுமில்லை. இரண்டுக்கும் நடுவே வைத்துக்கொண்டு மரித்தார். இந்த மௌனத்தை எப்படி வாசிப்பது? பிரான்சிலுள்ள ஒரு படக்கடைக்காரருக்கு, தம் படங்களை அஞ்சலட்டையாக அச்சிடுவது பற்றி அவர் எழுதிய கடிதமொன்றை எடுத்துக்காட்டி, "பாருங்கள், வெளியிட விரும்பியிருக்கிறார்" என்கிறார்கள். இருக்கலாம். சில அஞ்சலட்டைகளுக்குச் சம்மதித்தவர் தன் வாழ்வு முழுவதையும் திரையிற் காட்டச் சம்மதித்தார் என்று ஆகிவிடுமா?

ஆயினும் அந்தப் படங்களைப் பார்க்கவேண்டாமென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவற்றிலே அழும் குழந்தைகளும் நடைபாதையில் உறங்கும் ஏழைகளும் கிழவிகளும், ஒருவரும் திரும்பிப் பார்க்காத மனிதர்களாய் வருகிறார்கள். அவர்களை அப்படி உற்றுப் பார்த்தவர் பெரிய இருதயம் படைத்தவர். என் மனத்தைக் குத்துவது அவர் எடுத்த படங்களன்று. அவர் யார், ஏன் மணக்கவில்லை, ஏன் கதவைப் பூட்டினார் என்று துருவித் துருவிச் சென்ற ஆவலே. படத்தைப் பார்ப்பது வேறு, பூட்டை உடைப்பது வேறு.

இனி நான் சொல்லப்போவதை எத்தனை முறை நினைத்தாலும் மனம் அமைதியடைவதில்லை.

1944ஆம் ஆண்டு மே மாதம், அப்போது ஹங்கேரியின் ஆட்சியிலிருந்த ஒரு மலைநாட்டுக் கிராமத்திலிருந்து லில்லி ஜேக்கப் என்னும் 18 வயது யூதப் பெண், தாய் தந்தையுடனும் ஐந்து தம்பிமாருடனும் அவுஷ்விற்ஸ் வதைமுகாமுக்குப் புகையிரதத்தில் ஏற்றிச் செல்லப்பட்டார். இறங்கிய மேடையிலேயே குடும்பம் பிரிக்கப்பட்டது. வேலைக்குத் தகுந்தவரென்று அவர் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம். அந்தப் பக்கத்துக்குப் போனவர்களை அவர் பின்னர் காணவேயில்லை. முகாம் முகாமாய் மாற்றப்பட்டு, 1945 ஏப்ரிலில் ஜேர்மனியின் டோரா முகாமில், நெருப்புக் காய்ச்சலில் எலும்புந் தோலுமாய்க் கிடந்தபோது அமெரிக்கப் படைகள் வந்து விடுவித்தன. காவற்காரர்கள் விட்டோடிய கட்டடத்தில் அவரைப் படுக்கவைத்தார்கள். குளிர். போர்த்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமோவென்று பக்கத்திலிருந்த சிறிய அலுமாரியைத் திறந்தார். உடுப்பொன்றின் கீழே ஒரு படப் புத்தகம் இருந்தது.

திறந்தவுடன் தம் ஊரின் யூத மதகுருவைக் கண்டார். பின்னர் தம் உறவினரை. பின்னர் மேடையிலே, பெரிய தொப்பியும் பெரிய மேற்சட்டையுமாய், அருகருகே நிற்கும் தம் தம்பிமார் இருவரை. பின்னர் தம்மையே. வேலைக்காரப் பெண்களின் வரிசையில், மொட்டையடித்த தலையுடன். அவர் வந்திறங்கிய அதே நாட்களில், வந்திறங்கியவர்களை ஹிற்லரின் படையினர் எடுத்த 193 படங்கள் அவை. அவுஷ்விற்ஸிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள ஓர் அலுமாரிக்குள் அவை எப்படி வந்தன என்பதற்கு முழுமையான விளக்கமில்லை. கண்டெடுத்தவரே உடையவர். உலகத்தில் இப்படி ஒரு கண்டெடுப்பு வேறெங்கும் நடந்ததாய் நான் படித்ததில்லை.

அவர் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதே எங்கள் கேள்விக்கு முக்கியம். அமெரிக்காவுக்கு அதைத் தம்மோடு கொண்டுபோனார். தப்பிப் பிழைத்தவர்கள் அவரைத் தேடி வந்து பக்கங்களைப் புரட்டினார்கள். "இது என் தாய்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் படத்தை அப்படியே கழற்றிக் கொடுத்தார். 1964இல் பிராங்பேர்ட் நகரில் அவுஷ்விற்ஸ் காவலர்கள் மீது வழக்கு நடந்தபோது புத்தகத்துடன் சென்று சாட்சி சொன்னார். 1980இல் எருசலேமிலுள்ள யாட் வஷேம் நினைவகத்துக்கு அதைக் கையளித்தார். வந்தவர்களுக்குக் கழற்றிக் கொடுத்த படங்கள் புத்தகத்தைவிட்டுப் போனவைதான்.

சரித்திர ஆசிரியர் ஒருவர் இதைக் குறையென்று சொல்லக்கூடும். முழுப் புத்தகமும் சிதையாமல் இருந்திருந்தால் ஆராய்ச்சிக்கு நலமாயிருந்திருக்கும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தப் புத்தகத்தில் எல்லாவற்றிலும் நேர்மையானவை, படம் கழற்றப்பட்ட வெற்றிடங்களே என்பது என் எண்ணம். தாயின் முகத்தை முதலில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை நீதிமன்றத்துக்கும் உலகத்துக்கும் கொடுத்தார் அந்தப் பெண்மணி. வரிசையை அவர் சரியாகவே பிடித்தார்.

இதற்கு நேர்மாறான ஒரு புத்தகமும் உண்டு. போர் முடிந்த பின் பிராங்பேர்ட்டில் அமெரிக்க அதிகாரி ஒருவர் கண்டெடுத்து, நெடுங்காலம் தம்மிடம் வைத்திருந்து, 2007இல் வாஷிங்டனிலுள்ள நினைவு நூதனசாலையைச் சேர்ந்த 116 படங்கள். அவுஷ்விற்ஸின் அதிகாரி ஒருவருடையவை. அதே 1944இல், காவலர்களும் அலுவலகப் பெண்களும் மலைவிடுதியொன்றிலே பாட்டுப் பாடுகிறார்கள், பழம் தின்கிறார்கள், வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அவையும் ஒருவருடைய சொந்தப் படங்கள்தானே, வெளியிடலாமா என்று வாதத்துக்காகக் கேட்கலாம். பிறருடைய மறைவான குற்றத்தைத் தகுந்த காரணமின்றி வெளிப்படுத்துவது பாவம் என்று திருச்சபை போதிக்கிறது. அது உண்மையான குற்றமாயிருந்தாலும் பாவமே. ஆனால் அந்தத் "தகுந்த காரணம்" இவ்விடத்தில் மலைபோல எழுந்து நிற்கிறது. கொல்லப்பட்டவர்களின் இரத்தம் கேட்கிற கணக்கு அது. தீமை செய்தவர்கள் கொம்பும் வாலும் முளைத்தவர்களல்லர், எங்களைப்போலப் பழம் தின்று சிரித்தவர்கள் என்பதையும் அந்தப் படங்களன்றி வேறெதுவும் இவ்வளவு தெளிவாய்ச் சொல்லியிராது.

ஆகவே சாட்சியமாகும் படத்தை ஒளித்துவைப்பது தவறாகலாம். துயரமாகும் படத்தைப் பரப்புவது தவறாகலாம். என் மேசையிலுள்ள உறை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதுதான் சிக்கல்.

2011 மார்ச் மாதம் யப்பானிற் கடல்கோள் வந்து வடிந்தபின், மியாகி மாகாணத்தின் யமமோட்டோ என்னும் ஊரில் சேற்றிலிருந்து பொறுக்கியெடுத்த குடும்பப் படங்கள் ஏழரை லட்சம் வரை இருந்தனவாம். தொண்டர்கள் ஒவ்வொன்றாய்த் தண்ணீரிற் கழுவி உலர்த்தினார்கள். உப்பும் கிருமிகளும் படத்தின் மேற்பூச்சைத் தின்னத் தொடங்கினால் முகங்கள் கரைந்துபோகும், ஆகையாற் சுணங்க முடியாது. பின்னர் மண்டபமொன்றிற் பரப்பிவைத்து, தேடி வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். உருத்தெரியாமற் கரைந்துபோன படங்களே பிற நாடுகளுக்குக் கண்காட்சியாய்ச் சென்றன. உருத்தெரிந்தவை உடையவருக்காக ஊரிற் காத்திருந்தன. இந்த ஒழுங்கை வகுத்தவர்கள் எங்கள் வேதத்தைப் படித்திருக்கவேண்டுமென்பதில்லை. உபாகமம் சொன்னதையே செய்திருக்கிறார்கள்.

எங்கள் கரைகளிலும் 2004 மார்கழி 26ஆந் திகதி கடல் வந்தது. எத்தனை வீடுகளில் கலியாணப் படமும் முதல்நன்மைப் படமும் போயின! அதற்கு முன்னும் பின்னும் போர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்ட சனத்துள் நாங்களும் நடந்தோம். அம்மா அரிசியையும் உறுதியையும் எடுத்தார். படப் புத்தகம் அலுமாரியின் லாச்சியிற் கிடந்தது, நாளை வந்து எடுக்கலாமென்று. திரும்பி வந்தபோது லாச்சி இருந்தது. இறந்துபோன எங்கள் அம்மம்மாவின் ஒரே படம் அந்தப் புத்தகத்திலே இருந்தது. அது இன்று யாரோ ஒருவருடைய வீட்டில் இருக்கக்கூடும். அவர் அதைப் பார்த்து, யாரிந்தக் கிழவி என்று வியக்கவுங் கூடும். அம்மா இன்றும் அந்த முகத்தை வாயாற் சொல்லித்தான் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்.

வேறு விதமான படங்களும் இங்கே உண்டு. 2017 மாசியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தெருவோரத்தில் தாய்மார் மடியில் வைத்திருந்த படங்கள். பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விடை தேடி, ஒரு முகத்தை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள். அப்படியொரு தாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்திரிகையை விரிக்கும்போது, முன்னர் ஒருபோதும் கண்டிராத ஒரு படத்தில் தன் மகன் நின்றால்? அச்செய்தியை அவளுக்கு ஒரு பத்திரிகைத் தாளா சொல்லவேண்டும்? பக்கத்தில் உட்கார ஒருவர்கூட இல்லாமலா? என் உறையில் அப்படியொரு படம் இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்ல எனக்கு வழியில்லை. முகங்களை நான் அறியேன்.

ஆண்டவர் ஒரு நாணயத்தைக் கையில் வாங்கி, அதிலுள்ள உருவம் யாருடையதென்று கேட்டார். வரியைப் பற்றிய கேள்விக்குச் சொன்ன மறுமொழியென்றே அதை நான் நெடுநாள் பிரசங்கித்திருக்கிறேன். இப்போது அந்த உறையைப் பார்க்கும்போதெல்லாம் அக்கேள்வி வேறு விதமாய்க் காதில் விழுகிறது. தாள் கமராவை வாங்கியவருக்குரியது. உருவம் உருவத்துக்குரியவருக்கே உரியது.

புனித அகுஸ்தீனார் தம் பிரசங்கமொன்றில், தாம் மிலான் நகரிலிருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறார். பள்ளிக்கூடமொன்றில் ஏவல் செய்த பரம ஏழை ஒருவர், 200 பொற்காசுவரை கொண்ட பையொன்றைக் கண்டெடுத்தார். தொலைத்தவர் இன்ன இடத்துக்கு வரவும் என்று எழுதி ஒட்டினார். உடையவர் வந்தபோதும் உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பை எப்படிப்பட்டது, முத்திரை எது, காசு எத்தனை என்று கேட்டார். எல்லாம் சரியாயிருந்தபின் கொடுத்தார். உடையவர் பத்திலொரு பங்கு நீட்டினார், ஏழை மறுத்தார். பத்துக் காசு, ஐந்து காசு என்று குறைத்தார், அதையும் மறுத்தார். கடைசியில் உடையவர் கோபித்து, நீ ஒன்றும் வாங்காவிட்டால் நானும் ஒன்றையும் தொலைக்கவில்லையென்று பையை எறிந்தாராம். அதன்பின் வாங்கிய ஏழை, அதை அப்படியே மற்ற ஏழைகளுக்குப் பகிர்ந்துவிட்டார். அந்த மனிதரின் ஈகையையே எல்லாரும் எடுத்துப் பேசுவார்கள். எனக்கு இம்முறை கண்ணிற்பட்டது, அவர் காசின் எண்ணிக்கையை அறிவித்தலில் எழுதாமல் விட்ட புத்தி.

கமராவைக் கொண்டுவந்த தம்பியை அழைத்து இதைச் சொன்னேன். அவருக்கு முதலில் ஏமாற்றந்தான். "அப்ப பேப்பரிலை வராதோ, பாதர்?" என்றார். வரும், ஆனால் படமாக வராது என்றேன். சற்று யோசித்துவிட்டு, கமராவையும் உறையோடு வைத்துவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை.

ஆகவே இதனை அறிவித்தலாக எழுதுகிறேன். தங்கள் வீட்டுக் கமரா ஒன்று பிலிமோடு தொலைந்துபோனது என்பவர்கள் எமது அலுவலகத்துக்கு வரலாம். தூரத்திலுள்ளவர்கள் கடிதம் எழுதலாம், அல்லது தங்கள் பங்குக் குருவானவரிடம் சொல்லி அனுப்பலாம். கமரா எப்படிப்பட்டது, அதன் தோலுறையில் என்ன அடையாளம், கடைசியாய் எங்கே எதைப் படமெடுத்தீர்கள் என்று கேட்போம். சரியாகச் சொல்பவர்களுக்கு நெகற்றிவ்வும் படங்களும் கமராவும் ஒப்படைக்கப்படும். தனியே வர மனம் துணியாதவர்கள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உறை ஒட்டப்பட்டு, என் அறை அலுமாரியில் இருக்கிறது. அலுவலகம் புதன்கிழமை தவிர்ந்த நாட்களில் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்.